நிமிர்ந்தால் வலிக்கும்

திருவையாற்றுக்குப் பக்கத்தில் சம்பா நடவு. இடக்கையில் நாற்று முடி. வலக்கை விரல்கள் நாலைந்து நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்ற, கால் பின்னால் நகர்கிறது. விடிந்ததும் குனிந்த அக்கா, டீ வந்தபோதுகூடச் சட்டென்று நிமிரவில்லை. "நிமிந்தாத்தான் தம்பி வலிக்குது. குனிஞ்சே கெடந்தா தெரியல." கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், வெளுத்துப் போயிருந்தது. ராத்திரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொள்வாராம்.

இலங்கையின் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இந்தக் காட்சி அரிது. அந்த நாட்டில் நெல்லின் பெரும்பகுதி வீசி விதைப்பதுதான். முதுகு தப்பியது, ஆனால் பெண்களுக்கு நடவுக்கூலி என்று ஒன்று இல்லை. "அரிவு வெட்டவும் மெசின் வந்திட்டுது தம்பி" என்றார் கிளிநொச்சி அம்மா ஒருவர். விதைத்த வயலில் பயிரோடு களையும் எழும்பும். அதற்காக மருந்து டாங்கி ஆண்களின் முதுகில் ஏறுகிறது. 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவாட், டைமீதோயேட், ஃபென்தியான் என்ற நச்சு மருந்துகள் மூன்றையும் இலங்கை அரசு படிப்படியாக நிறுத்தியது அந்த உடம்புகளுக்குக் கிடைத்த பெரிய காவல். விதைப்பே மேல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கம் நேரடி விதைப்பும் நடவு மெஷினும் பரவும்போது, அந்த அக்காவுக்குப் போவது வலி மட்டுமா, கூலிநாளும்தானே?

ஆனால் எலிக்காய்ச்சல் விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. எலியின் சிறுநீர் கலந்த வயல்தண்ணீரிலிருந்து கிருமி காற்புண் வழியே ஏறும். 2008இல் அங்கே 7,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்கள் போகாமல் இல்லை. ஆனாலும் இது வயல்வேலை தரும் நோய் என்று அரசு ஒப்புக்கொண்டு, மருந்தோடு வருகிறது.

தஞ்சையின் போராட்டம் வேறு. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய, விவசாயிகள் தலைவர் பி. சீனிவாசராவ் காலத்துச் சங்கம் தேவைப்பட்டது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மறு வருஷம் நியாயக் கூலிச் சட்டம். இவ்வளவு விலை கொடுத்தும் பேச்செல்லாம் கூலியோடு நின்றது. இடுப்பும் காலும் எந்தப் பேச்சுவார்த்தையிலும் ஏறவில்லை.

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாரக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நடவாட்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையும், காலைப் பார்த்து மருந்து போட வரப்புக்கே வரும் ஒரு நர்ஸும் சேரட்டும்.