முகம் கொடுத்தல்: பழைய கேமராவும் உருவப்படமும்

ஃபிலிம் கேமரா பற்றி நாம் இன்றைக்குப் பேசுவதில் பெரும்பகுதி இரண்டு சொற்களில் அடங்கிவிடும்: ‘கிரெயின்’, ‘ஃபீல்’. வீட்டுப் பீரோவில் கிடந்த யாஷிகாவைத் துடைத்து எடுக்கிறோம். ஒரு ரோல் வாங்கிப் போட்டுத் தெருவில் இறங்குகிறோம். டீக்கடைத் தாத்தா, பூ கட்டுகிற அம்மா, சைக்கிள் கடை அண்ணன் என்று வரிசையாக எடுத்து, கழுவி, ஸ்கேன் பண்ணி இன்ஸ்டாவில் போடுகிறோம். கீழே ‘செம டோன்’, ‘என்ன ஸ்டாக் ப்ரோ?’ என்று கமெண்ட் வருகிறது. அந்தத் தாத்தா தன் படத்தைப் பார்த்தாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கிரெயின்தான் வேண்டுமென்றால் அதற்கு ஆப் இருக்கிறது. எந்தக் கம்பெனியின் எந்த ஃபிலிம் மாதிரி வேண்டுமோ அந்த மாதிரி நிறத்தை மாற்றித் தரும், ஒளிக்கசிவைக்கூடப் போட்டுத் தரும். பத்து வருஷத்தில் அசல் எது, ஆப் எது என்று கண்ணால் சொல்ல முடியாமல் போகலாம். பழைய கேமராவின் பெருமை படத்தின் மேற்பூச்சில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அது ஏற்கெனவே தோற்றுவிட்டது.

நான் பேச விரும்புவது வேறொன்றை. ஒருவரோடு பழகத் தயாராக இருப்பதைத் தமிழில் ‘முகம் கொடுத்துப் பேசுவது’ என்கிறோம். கோபித்துக்கொண்டவர் முகம் கொடுப்பதில்லை. முகத்தைக் கொடுக்கக்கூடிய ஒன்றாக, மறுக்கவும் கூடிய ஒன்றாக இந்த மொழி பார்க்கிறது. உருவப்படம் என்பதை இதைவிடச் சரியாகச் சொல்லும் வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. எதிரே இருப்பவர் முகத்தைக் கொடுக்கிறார். எடுப்பவர் அதைக் கொண்டுபோய் என்ன செய்கிறார்? பழைய கேமராக்களால் எடுக்கப்பட்ட நல்ல படங்களையும் மோசமான படங்களையும் பிரிப்பது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

*

முதலில் கேமராக்கள். ஒவ்வொரு கேமராவும் இரண்டு உடல்களை ஒவ்வொரு விதமாக நிறுத்துகிறது.

ரோலிஃபிளெக்ஸ் 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே இருப்பது பார்க்க, கீழே இருப்பது படம் பிடிக்க. கழுத்தில் மாட்டி வயிற்றருகே வைத்துக்கொண்டு, குனிந்து, மங்கலான கண்ணாடித் திரையில் பார்க்க வேண்டும். திரையில் தெரிவது இடவலம் மாறியிருக்கும், அதனால் பழகாதவர் கேமராவைத் தப்பான பக்கம் திருப்பித் தடுமாறுவார். ஒரு ரோலுக்கு 12 படம். எதிரே நிற்பவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது குனிந்த ஒரு தலை. லென்ஸ் இடுப்பு உயரத்திலிருந்து பார்ப்பதால், நிற்கும் பெரியவர்கள் படத்தில் சற்று ஓங்கித் தெரிவார்கள். குழந்தைகளோ நேருக்கு நேர் நிற்பார்கள்.

நான்கு வருஷம் முன்னதாக, 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவும் அதன் வாரிசுகளான மற்ற 35 மி.மீ. கேமராக்களும் கண்ணோடு ஒட்டிக்கொள்பவை. வேகம், 36 படம், சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளும் வசதி. ஆனால் எடுப்பவரின் முகம் மறைந்துவிடுகிறது. எதிராளி முகம் கொடுப்பது ஓர் உலோகப் பெட்டிக்கு. பின்னால் வந்த எஸ்எல்ஆர்களில் இன்னொரு வேடிக்கை: கிளிக் செய்கிற கணத்தில் உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி வியூஃபைண்டரை இருட்டாக்கிவிடும். எந்தக் கணத்தை எடுத்தோமோ அந்தக் கணத்தை மட்டும் நாம் பார்த்திருக்க மாட்டோம்.

ஸ்டாண்டில் நிற்கும் பெரிய வியூ கேமரா இவையெல்லாவற்றுக்கும் மூத்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தை ஃபோகஸ் பண்ண வேண்டும். பிறகு பின்பக்கம் ஃபிலிம் ஹோல்டரைச் செருகியதும் திரை மறைந்துவிடும். இனி கேமரா வழியாக யாரும் பார்க்க முடியாது. எடுப்பவர் துணியை விட்டு வெளியே வருகிறார், கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறார், எதிரே இருப்பவரை வெறும் கண்ணால் பார்க்கிறார், ஷட்டரை அழுத்துகிறார். முகத்துக்கு முகம். இடையில் எதுவுமில்லை.

*

மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்டுடியோ திறந்த செய்து கெய்தா இப்படித்தான் வேலை செய்தார். அவருக்கு முறையான பள்ளிப்படிப்பு இல்லை. 1935இல் மாமா வாங்கிவந்த ஒரு கோடக் பிரவுனியில் ஆரம்பித்தவர், பிறகு 13×18 செ.மீ. அளவு வியூ கேமராவுக்கு வந்தார். வீட்டு முற்றத்தில், இயற்கை வெளிச்சத்தில், பின்னால் பூப்போட்ட துணியைத் தொங்கவிட்டுப் படமெடுத்தார். அவர் முதலில் தொங்கவிட்ட துணி அவருடைய படுக்கை விரிப்பு. சில வருஷங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றினார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது என்று கண்டுபிடிக்க அந்தத் துணிகள்தான் உதவின.

ஃபிலிமுக்குக் காசு அதிகம். அதனால் ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஷாட். அந்த ஒன்றுக்காக வந்தவர்கள் தங்கள் நல்ல உடையைப் போட்டு வந்தார்கள். ஸ்டுடியோவில் ரேடியோ, கைக்கடிகாரம், பேனா, வெஸ்பா எல்லாம் இருந்தன. எது வேண்டுமோ அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கெய்தா தோளைச் சற்றுத் திருப்பச் சொல்வார், கையின் இடத்தைச் சரிசெய்வார். அந்தப் படங்களில் இருப்பவர்கள் மாட்டிக்கொண்டவர்கள் போல இல்லை, தாங்களாக வந்து உட்கார்ந்தவர்கள். பூப்போட்ட கவுன் பூப்போட்ட துணியோடு கலந்து, உடல் பின்னணிக்குள் கரைந்து, முகமும் கைகளும் மட்டும் முன்னே வந்து நிற்கும் படங்கள் அவருடையவற்றில் நிறைய. அங்கே அழகு முழுக்க எடுப்பவருக்குச் சொந்தமானதல்ல. எந்தக் கவுனை உடுத்துவது என்று தீர்மானித்த பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் படம் உள்ளங்கையில் அடங்குகிற அளவில், பின்னால் ஸ்டுடியோ முத்திரையோடு, காசு கொடுத்தவர் கையில் போய்ச் சேர்ந்தது. 1991இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் அவருடைய சில படங்கள் தொங்கியபோது எடுத்தவர் யாரென்று தெரியாதவர் என்றே போட்டிருந்தது. 1994இல் பாரிஸில் தனிக்கண்காட்சி வந்தது, புகழ் வந்தது, படங்கள் ஆளுயரத்துக்குப் பெரிதாகின. அவற்றைச் சுவரில் பார்க்கும்போது பிரமிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றின் கீழே ‘தலைப்பில்லை’ என்றுதான் இருக்கிறது. உட்கார்ந்தவர்களின் பெயர்கள் போய்விட்டன. ஒரு குடும்பத்துக்காக எடுத்த சின்னப் படம் அருங்காட்சியகத்துக்கான பெரிய படமாகும்போது விடுபடுவது எது என்று கேட்காமல் கெய்தாவைப் பற்றி எழுத முடியாது.

*

விவியன் மேயரின் கதை நேர் எதிர். 1926இல் நியூயார்க்கில் பிறந்தவர், பிறகு சிகாகோவில் பல வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். கழுத்தில் ரோலிஃபிளெக்ஸோடு தெருத்தெருவாக நடந்து ஒரு லட்சத்துக்கும் மேல் படமெடுத்தார், கிட்டத்தட்ட யாருக்கும் காட்டவில்லை. வாடகை கட்டாததால் அவர் பொருட்கள் 2007இல் ஏலத்துக்குப் போயின. 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது.

அவருடைய படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது குழந்தைகளை. அழுது கன்னம் ஈரமான குழந்தை, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் குழந்தை. வயிற்றருகே இருக்கும் லென்ஸுக்கும் ஒரு குழந்தையின் கண்ணுக்கும் ஒரே உயரம். நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருந்தவருக்கு இந்தக் கேமரா பொருந்திப் போனதில் ஆச்சரியமில்லை. தெருவில் படுத்துக் கிடப்பவர்கள், கசங்கிய கோட்டுப் போட்ட கிழவர்கள், கோபமாகத் திரும்பிப் பார்க்கும் பணக்காரச் சீமாட்டிகள் எல்லோரும் உண்டு. அந்தக் கோபப் பார்வைகள் முக்கியம். முகம் கொடுக்க மறுத்தவர்களிடமிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார்.

மேயரைத் துறவி மாதிரிக் கொண்டாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ‘புகழை விரும்பாத கலைஞர்’ என்று. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அவர் விட்டுப்போனவற்றில் கழுவாத ரோல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அதாவது அவரே பார்க்காத படங்கள். எதிரே நின்றவரும் பார்க்கவில்லை, எடுத்தவரும் பார்க்கவில்லை, ஏலத்தில் வாங்கியவர்கள் பார்த்தார்கள். போட்டோகிராஃபியில் எடுப்பது பாதி வேலை, எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று தேர்வது மீதிப் பாதி. மேயரின் புத்தகங்களில் அந்த மீதிப் பாதி பெரும்பாலும் மற்றவர்களுடையது. ஆகவே ‘மேயரின் பாணி’ என்று நாம் சொல்வதை அடக்கத்தோடு சொல்ல வேண்டும். அவை அசாத்தியமான படங்கள். அதே நேரம், வாங்கிய முகங்கள் யாருக்கும் போய்ச் சேராமல் பெட்டிகளில் தேங்கிய கதையும் கூட.

*

இந்த இரண்டுக்கும் நடுவே, நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1989இல் தயாநிதா சிங் லண்டன் செய்தித்தாள் ஒன்றுக்காக டெல்லியில் திருநங்கைகளைப் படமெடுக்கப் போனார். அங்கே மோனா அகமதைச் சந்தித்தார். மோனா படமெடுக்க இடம் கொடுத்தார். படங்கள் லண்டனில் அச்சாகும் என்று தெரிந்ததும் ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தயாநிதா ரோலைக் கொடுத்துவிட்டார்.

இது ஃபிலிமில் மட்டுமே இப்படி நடக்கும். ரோல் ஒரு பொருள். உள்ளங்கையில் வைத்து நீட்டலாம், வாங்கியவர் வெளிச்சத்தில் இழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. டிஜிட்டலில் ‘டெலிட் பண்ணிட்டேன்’ என்ற வாய்வார்த்தைதான் இருக்கிறது. கொடுத்த முகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி மோனாவுக்கு இருந்தது, தயாநிதா அதை மதித்தார். அங்கே தொடங்கிய நட்பு 2017இல் மோனா இறக்கும்வரை நீடித்தது. 2001இல் வந்த ‘மைசெல்ஃப் மோனா அகமது’ என்ற புத்தகத்தில் பதிப்பாளருக்கு மோனா எழுதிய மின்னஞ்சல்கள்தான் வாசகம். தன் படத்துக்குப் பக்கத்தில் தன் கதையைத் தானே சொல்கிறார். வளர்த்த குழந்தை, விருந்துகள், இழப்பு, கபரஸ்தானில் கழிந்த நாட்கள். படங்கள் அந்தக் குரலோடு சில இடங்களில் ஒத்துப்போகின்றன, சில இடங்களில் போவதில்லை. அந்த உரசல்தான் புத்தகத்தின் பலம் என்பேன். ஓர் அந்நியரின் கூர்மையான ஒற்றைப் படத்தால் இதைச் செய்ய முடியாது. முதல் ரோலைத் தராமல் கொண்டுபோயிருந்தால் லண்டன் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை கிடைத்திருக்கும், இந்தப் புத்தகம் கிடைத்திருக்காது.

*

‘அப்போ பழைய கேமராவில் எடுத்தா எல்லாம் நல்லதா?’ என்று கேட்டால், இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’வும் பெரிய, மெதுவான கேமராக்களால் எடுத்ததுதான். அதில் மனிதர்கள் ‘வகை’களாக நிறுத்தப்பட்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நீலகிரிக்குப் போய்த் தோடர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார், படமும் சேர்த்தார். அங்கே முகம் கொடுக்கப்படவில்லை, எடுக்கப்பட்டது. மெதுவாக எடுப்பதால் மட்டும் மரியாதை வந்துவிடாது.

அதே நீலகிரியில், ஊட்டியில், 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. கல்யாணமானதும் புதுத்தம்பதி ஸ்டுடியோவுக்குப் போய் நின்ற காலம் அது. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து வருகிறது; ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் 120 ரோலில் ஒரு கிளிக் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசை விழுங்கும். அன்றைக்குப் படத்துக்குக் காசு கொடுத்தவர் எதிரே நின்றவர், அதனால் படம் அவர் வீட்டுச் சுவருக்குப் போனது. இன்றைக்குக் காசு கொடுப்பவர் எடுப்பவர், அதனால் படம் அவர் பக்கத்துக்குப் போகிறது. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் ‘அந்தக் காலத்து ஃபீல்’ என்று பேசுவதில் பொருளில்லை.

சுருக்கம் விழுந்த முகம் கறுப்பு வெள்ளையில் அழகாகத்தான் வரும். வெயிலில் காய்ந்த தோல், பொக்கை வாய், பீடிப் புகை எல்லாவற்றையும் கிரெயின் தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் நம் இளம் ஃபிலிம் கலைஞர்களின் தொகுப்புகளில் ஏழைக் கிழவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அப்பாவும் அத்தையும் மாடிவீட்டுக்காரரும் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள். மறுக்கத் தெரிந்தவர்களிடம் நாம் போவதில்லை.

ஃபிலிமில் ஒரு காத்திருப்பு இருக்கிறது. எடுத்த அன்றைக்கே ‘காட்டுங்க தம்பி’ என்று கேட்பவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ‘கழுவிட்டுக் கொண்டு வரேன்’ என்று சொல்லத்தான் முடியும். போனில் எடுத்தால் திரையைக் காட்டிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம், கணக்கு அங்கேயே தீர்ந்தது. ஃபிலிம் அந்தக் கணக்கைத் திறந்தே வைக்கிறது. சொன்னபடி ஒரு மாதம் கழித்து அதே டீக்கடைக்குப் பிரிண்டோடு போனால் இரண்டாவது படம் வேறு மாதிரி வரும். பெயர் தெரிந்திருக்கும். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்காரலாம். ‘இது வேணாம், நல்லா இல்ல’ என்றும் சொல்லலாம், அப்போது அதைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

தொகுப்பாகவோ கண்காட்சியாகவோ இனி ஃபிலிம் உருவப்படங்கள் வரும்போது, எந்தக் கேமரா, எந்த ஸ்டாக் என்று குறிப்பு எழுதும் இடத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: இவர் பெயர் என்ன, இவரிடம் ஒரு பிரிண்ட் இருக்கிறதா. விமர்சகர்களும் அங்கிருந்தே படிக்க ஆரம்பிக்கலாம்.