வானொலிப் பேச்சும் ரேப் பாட்டும்

ரேப் கலைக்குப் பிறந்த நாளும் ஊரும் குறித்துவிட்டனர். 1973 ஆகஸ்டு 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. கூல் ஹெர்க் என்பார் இசைத்தட்டுச் சுழற்றிய ஒரு விருந்து. இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் குறையுடையது. தட்டைச் சுழற்றிய கையை விரிவாக ஆராய்ந்தோர், தட்டின்மேல் எழுந்த பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை அத்துணை ஆராய்ந்தாரில்லை.

அப்பேச்சின் தாய்வீடுகளுள் ஒன்று வானொலி. 1948இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் லவாடா டர்ஸ்ட் என்னும் கறுப்பின அறிவிப்பாளர் ‘டாக்டர் ஹெப்கேட்’ என்ற பெயரில் ஒலிபரப்பத் தொடங்கினார். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்குவது அவர் வழக்கமன்று. தெருவழக்குச் சொற்களை இயைபுபட அடுக்கிப் பேசினார். அச்சொற்களுக்குப் பொருள் கூறும் சிறு நூலொன்றையும் 1953இல் வெளியிட்டார். கொச்சை என்று பிறர் தள்ளிய மொழிக்கு அகராதி செய்த துணிவு பெரிது!

பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் பேசிய ஜாக்கோ ஹெண்டர்சன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். விண்கப்பலில் ஏறிப் பறப்பதாகக் கற்பனை செய்துகொண்டு இயைபுத் தொடர்களால் நிகழ்ச்சியை நடத்தினார். பாட்டின் முன்னிசை ஓடும் சில நொடிகளுக்குள், பாடகர் வாய்திறக்குமுன், அறிவிப்பாளர் பேச்சை முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடியே அவர்களுக்கு யாப்பாயிற்று. இசையின்மேல் அளவறிந்து பேசும் இப்பயிற்சிதான் பின்னர் ரேப்புக்கு உயிர்நாடி ஆனது.

ஜமைக்காத் தீவின் தெரு நடனங்களில் ஒலிபெருக்கி பிடித்தோரும் இவ்வமெரிக்கக் குரல்களைப் பின்பற்றினர். ஹெர்க் அத்தீவில் பிறந்து 1967இல் நியூயார்க் வந்தவர். எனினும் தம் கலைக்கும் ஜமைக்காவுக்கும் தொடர்பில்லை என்று அவரே மறுத்ததுண்டு. மறுப்பை ஏற்றாலும் வானொலியின் பங்கு குறைவதில்லை. கடல்சுற்றி வரத் தேவையின்றி, நியூயார்க் வீடுகளிலேயே அக்குரல்கள் ஒலித்தன.

சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. ரேப்பர்ஸ் டிலைட் புகழ்பெற்ற அதே 1979இல், அதற்குச் சற்றுமுன், பேட்பேக் குழுவினர் வெளியிட்ட ரேப் பாட்டின் தலைப்பிலேயே ‘பெர்சனாலிட்டி ஜாக்’ என்னும் தொடர் இருக்கிறது. தனிப்பாணியில் பேசும் வானொலி அறிவிப்பாளரைக் குறிக்கும் தொழிற்சொல் அது.

பின் ஏன் மறந்தனர்? பாட்டு தட்டில் பதிந்தது. அறிவிப்பு பெரும்பாலும் காற்றோடு போயிற்று. போதாக்குறைக்கு, கைக்கூலி பெற்றுத் தட்டுகளை ஒலிபரப்பினர் என்று 1959-60இல் எழுந்த விசாரணைக்குப்பின், பாட்டுத் தேர்வை நிலைய நிருவாகங்கள் பலவும் தம் கையில் எடுத்துக்கொண்டன; அறிவிப்பாளரின் உரிமை சுருங்கியது.

1979இல் ஜாக்கோவும் ‘ரிதம் டாக்’ என ஒரு ரேப் தட்டு வெளியிட்டார். பேரனின் அரங்கில் பாட்டனார் புதுமுகமாக ஏறவேண்டியதாயிற்று.