வினைச்சொல்லில் தையல் எங்கே?

திருச்சி கே.கே. நகரிலிருந்து சத்திரம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, காதை மட்டும் திறந்து வையுங்கள். "டிக்கெட் எடுத்துட்டீங்களா?" "உள்ள ஏறிக்கோங்க." "வரும்போது அந்தப் பையைக் கொண்டாந்துடு." கடைசிச் சொல்லில் மூன்று வினைகள் பதுங்கியிருக்கின்றன: கொண்டு, வந்து, விடு.

கூட்டுவினையை ரசிக்க முதல் வேலை, தையலைப் பிரித்துப் பார்ப்பது. நடுவில் ஓர் 'ஐ' செருகினால் போதும். 'கைவிட்டான்' என்றால் துரோகம். 'கையை விட்டான்' என்றால் வெறும் கை. பக்கத்து வீட்டுச் சண்டையில் 'தலையிடாதே' என்பார்கள். பேருந்துக்குக் கவலை தலையை வெளியே நீட்டுவதைப் பற்றி மட்டும்தான். 'விழாவில் பங்கெடுத்தார்' கௌரவம். 'பங்கை எடுத்தார்' என்றதும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வந்துவிடுகிறது.

இதே வேடிக்கை எஸ்பெராண்டோவிலும் உண்டு. 1887இல் சாமன்ஹாஃப் வார்சாவில் வெளியிட்ட அந்த ஆக்கமொழியில் கலந்துகொள்வதற்கு 'பார்த்தோப்ரேனி' என்று பெயர். பார்த்தோ பங்கு, ப்ரேனி எடுத்தல். அச்சு அசல் நம் பங்கெடுப்புதான்! நம்மிடமிருந்து போனதல்ல, 'டைல்நேமன்' என்ற ஜெர்மன் சொல்லுக்கும் இதே கட்டுமானம். லத்தீனின் 'பார்ட்டிசிபாரே'வுக்குள்ளும் பங்கும் பற்றுதலும் இருக்கின்றன. எஸ்பெராண்டோக்காரரும் இரண்டையும் பிரித்துச் சொன்னால் பங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார் என்றும் பொருள்படலாம்.

ஆனால் அங்கே ஒட்டிய சொற்கள் பெரும்பாலும் தம் பொருளைக் காப்பாற்றிக்கொள்கின்றன. தமிழில் வினையோடு வினை சேரும்போது, இரண்டாம் வினை பலநேரம் தன் பொருளை உதிர்த்துவிட்டுப் பேசுபவரின் மனநிலையைச் சுமக்கிறது. 'போயிட்டான்', 'போய்த் தொலைஞ்சான்': ஆளும் ஒன்று, பயணமும் ஒன்று. தொலைந்தது எதுவுமில்லை, எரிச்சல்தான் கூடியிருக்கிறது. என்னைக் கேட்டால், தமிழ் இலக்கணத்தில் இதைவிடச் சுவையான இடம் கிடையாது. பள்ளியில் 'துணைவினை' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

'சொல்' என்ற ஒன்றை மட்டும் ஒருநாள் பின்தொடருங்கள். சொல்லிவிடு என்றால் காரியம் முடியவேண்டும். சொல்லிவை என்றால் பின்னால் உதவும். சொல்லிப்பார் என்பதில் நம்பிக்கை குறைவு. சொல்லிக்கொடு என்றால் எதிரே ஒரு மாணவர் உண்டு. கோள்மூட்டலும் அதே சொல்தான். சொல்லிக்காட்டு மட்டும் தனி ரகம்: செய்த உதவியை நாலு பேர் நடுவில் நினைவூட்டுவது.