குனிந்து போனால்தான் ஊர் தெரியும்

உலகம் அழிந்து முடிந்த பிறகு நடக்கும் வீடியோ கேம் என்றால் எனக்குப் பைத்தியம். அதிலும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் பாய்கிற ஆட்டம் இல்லை. குனிந்து, மூச்சை அடக்கி, சுவரோடு சுவராக ஒட்டிப் பின்பக்கமாக நுழைகிற ஆட்டம்! இதற்கு ஈடான சுகம் கேம் உலகத்தில் வேறு எதிலும் கிடையாது என்று சத்தியம் பண்ணத் தயார்.

நான் மலாக்கா ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். செம்பனைக்கு நடுவே லயத்து வீடு. அம்மா விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் ராத்திரியில் டிவி சத்தம் வெளியே வரக்கூடாது. காதில் ஹெட்போன், அறையில் விளக்கு இல்லை. பதுங்கி ஆடும் கேமுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எது?

என் பட்டியலில் முதலிடம் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கியது; 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வெளியானது. கோர்டிசெப்ஸ் என்ற பூஞ்சை மனித மூளைக்குள் புகுந்து ஊர் ஊராக அழித்துவிடுகிறது. அதில் ‘கிளிக்கர்’ என்று ஒரு ஜந்து வரும், பாருங்கள்! பூஞ்சை முகத்தைப் பிளந்து வளர்ந்திருப்பதால் அதற்குக் கண் இல்லை. தொண்டையில் ‘டக் டக்’கென்று ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்தே நடமாடும். பிடித்தால் கழுத்தில் ஒரே கடிதான். ஆனால் கட்டுப்பாட்டுக் குச்சியை லேசாகச் சாய்த்தால் அதன் மூக்குக்கு முன்னாலேயே கடந்து போய்விடலாம். கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் போச்சு! கட்டைவிரல் நுனியில் உயிரை வைத்து ஆட வைக்கிறார்கள். கிடைக்கிற செங்கல்லையோ போத்தலையோ தூர எறிந்து அதைத் திசை திருப்பிவிட்டு நழுவும்போது வரும் பெருமிதம் இருக்கிறதே, அடடா!

இந்தப் பூஞ்சை வெறும் கற்பனை இல்லை. எறும்பின் உடலுக்குள் புகுந்து அதன் போக்கையே மாற்றிக் கொல்லும் பூஞ்சை நிஜமாகவே காட்டில் உண்டு. 1859-இல் சுலாவெசித் தீவில் அதைச் சேகரித்தவர் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அதே வாலஸ் 1854-இல் நம் மலாக்காவுக்கு வந்து குனோங் லேடாங் ஏறியவர். ஆசாகான் பக்கம் போனால் கண்ணுக்கு நேரே நிற்குமே, அதே மலை! இந்த கேமைத் தழுவி 2023-இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலோ நோய் ஜகார்த்தாவின் மாவு ஆலையில் தொடங்குவதாகக் காட்டினார்கள். கதை அமெரிக்காவில் நடந்தாலும் பயம் நம் வாசலுக்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது.

கேமில் வரும் பிட்ஸ்பர்க் ஹோட்டலின் நிலவறைக் கட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. கும்மிருட்டு, முழங்கால் தண்ணீர். கதவு திறக்க மின்சாரம் வேண்டும். அதற்கு ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்ப வேண்டும். அதுவரை பூனை நடை நடந்து வந்தவன் கையாலேயே அந்தப் பேய்ச் சத்தத்தை எழுப்ப வைக்கிறார்கள்! நான் முதலில் வெளியேறும் வழியை மனப்பாடம் செய்துகொண்டு, அப்புறம்தான் கயிற்றைத் தொட்டேன்.

ஆனால் பதுங்குவதன் உண்மையான பலன் உயிர் பிழைப்பதல்ல, பார்வைதான். அதே ஊரின் புறநகர்ச் சாக்கடைச் சுரங்கத்தில் இஷ் என்ற மனிதரின் கதை துண்டுக் கடிதங்களாகச் சிதறிக் கிடக்கிறது. படகில் தனியாக வந்தவர், சுரங்கத்தில் குடியேறி, குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வகுப்பறைகூட அமைக்கிறார். ஒருநாள் யாரோ கதவைத் திறந்து விட்டுவிட, எல்லாம் முடிகிறது. இஷ் நம் முன்னால் ஒருமுறைகூட வருவதில்லை. சுட்டுக்கொண்டே ஓடுகிறவனுக்கு அந்த இடம் ஒரு சண்டைக்களம். தவழ்ந்து வருகிறவனுக்கு மனிதர்கள் வாழ்ந்த வீடு.

2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, மூன்று மாதத்தில், ஜூன் 19-இல் இரண்டாம் பாகம் வெளியானது. இதில் புல்லுக்குள் குப்புறப் படுத்தே ஊரலாம். மோப்ப நாய்கள் நம் தடத்தைப் பிடித்து வரும். காவலர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். செத்தவனைப் பெயர் சொல்லித் தேடுவதைக் கேட்ட பிறகு, கொல்லாமல் கடந்து போகத்தான் மனம் வந்தது.

அடுத்து ‘மெட்ரோ 2033’. உக்ரேனின் 4ஏ கேம்ஸ் 2010-இல் தந்தது. மூலம் டிமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவல். அணு யுத்தத்துக்குப் பிறகு மாஸ்கோ மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் குடியிருக்கிறார்கள். நாம் வெளிச்சத்தில் நிற்கிறோமா, இருளில் நிற்கிறோமா என்று கைக்கடிகார விளக்கு சொல்லும். மேலே நகரத்துக்குப் போனால் முகமூடியின் வடிகட்டி தீருமுன் திரும்ப வேண்டும். நூலகத்தில் உலவும் ‘லைப்ரேரியன்’ மிருகங்களிடம் முதுகைக் காட்டவே கூடாது. தோட்டத்து நாய் உறுமும்போது செய்வது மாதிரி, முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும்.

2007-இல் வந்த ‘ஸ்டால்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்’ இன்னொரு ரகம். அங்கே தரையே எதிரி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அபாய வளையங்களைக் கண்டுபிடிக்க, இரும்புப் போல்ட்டை முன்னால் வீசி வீசி நடக்க வேண்டும்.

‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ (2010) துணிச்சல்காரர்களுக்கு. குட்ஸ்பிரிங்ஸ் கிராமத்திலிருந்து வேகாஸ் நகரத்துக்கு வடக்கே நேர்வழி உண்டு; ஆனால் வழியெல்லாம் ராட்சதக் குளவிகளும் ‘டெத்கிளா’ மிருகங்களும். ஆட்டம் நம்மைத் தெற்கே சுற்றிப் போகச் சொல்கிறது. அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடப் பெட்டகத்தில் நம்மைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் ‘ஸ்டெல்த் பாய்’ கருவி ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வடக்கே நழுவிப் பாருங்கள். எனக்கு இந்த நடைதான் அந்த கேமின் உச்சம்!

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகத்தில் தொடங்குங்கள். சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காதால் ‘பார்க்கும்’ வசதி அதில் உண்டு. பழகிய பிறகு ‘கிரவுண்டட்’ கடினநிலைக்கு மாறினால் அந்த வசதியும் போய்விடும். அப்போதுதான் ருசி ஏறும். ஹெட்போன் கட்டாயம். ஒரே ஒரு கட்டத்தையாவது ஒரு தோட்டாகூடச் சுடாமல் முடித்துப் பாருங்கள். அப்புறம் நீங்களும் என் கட்சிதான்!