பார்க்காத ஊர்: ஸிப்கினின் பாடன்-பாடன்

நாவலில் வரும் ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. இன்ன படிக்கட்டில்தான் இன்ன பாத்திரம் நின்றது என்று சொல்வதால் நாவலின் அனுபவத்தில் ஒரு அணுவும் கூடுவதில்லை. போய்வந்தவரின் பயணச் சீட்டுக்குத்தான் மதிப்பு கூடுகிறது. வெகுஜனப் பத்திரிகைகளில் மலிந்த வியாதி இது. இருந்தும் ஜெர்மனியில், கறுப்புக் காட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பாடன்-பாடனில் ஒரு முழு நாள் சுற்றினேன். கையில் லியோனிட் ஸிப்கினின் 'பாடன்-பாடனில் கோடை' ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்தது. அந்த ஊரை ஸிப்கின் கண்ணால் கண்டதில்லை. மாஸ்கோவில் நோய்க்கூறு ஆய்வாளராக வேலை பார்த்தவர். மகன் 1977-ல் நாட்டை விட்டுப் போனதும் உத்தியோகத்தில் இறக்கப்பட்டு, தனக்கும் வெளியேற அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர். சோவியத் எல்லையை அவர் தாண்டியதே இல்லை. பார்க்காதவன் எழுதியதைப் பார்க்கிறவன் கையில் வைத்துக்கொண்டு நடப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்பதுதான் என் கேள்வி.

ஊர் அழகானது. அதில் தகராறு இல்லை. தரைக்கடியிலிருந்து 68 டிகிரி சூட்டில் உப்புநீர் வருகிறது. ரோமானியர்கள் குளித்த தொட்டிகளின் மிச்சங்கள் 1877-ல் திறந்த ஃப்ரீட்ரிக்ஸ் குளியல் மாளிகைக்குக் கீழே கிடக்கின்றன. 1839-லிருந்து 1842 வரை கட்டிய நீரருந்தும் மண்டபத்தில் பதினாறு தூண்கள். சுவரில் வட்டாரக் கதைகளின் ஓவியங்கள். 2021-ல் யுனெஸ்கோ ஏழு நாடுகளின் பதினோரு ஊற்று நகரங்களைச் சேர்த்துப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தபோது இதுவும் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் வழிகாட்டிப் புத்தகமே என்னைவிட நன்றாகச் சொல்லும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஊர் சின்னது. சூதாட்ட மாளிகைக்கும் பழைய ஊரின் சந்துகளுக்கும் நடுவே ஓஸ் என்று ஒரு ஓடை. நம் ஊர் வாய்க்கால் அகலம்தான் இருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகச் சில நிமிஷங்கள் போதும். 1867 கோடையில் டாஸ்டாயெவ்ஸ்கியும் அவருடைய இளம் மனைவி அன்னாவும் இங்கே ஏழு வாரம் இருந்தார்கள். அறை ஒரு கொல்லன் பட்டறைக்கு மேலே. அவர் அறையிலிருந்து சூதாட்ட மண்டபத்துக்கும், அங்கிருந்து அடகுக்காரனிடமும், அவனிடமிருந்து மறுபடி மண்டபத்துக்கும் ஓடிய ஓட்டத்தை ஸிப்கின் திரும்பத் திரும்ப எழுதுகிறார். வாசிக்கும்போது இது சலிப்பூட்டும் உத்தியாக எனக்குப் பட்டது. நடந்து பார்த்தால் அது உத்தியல்ல, அந்த ஊரின் கனபரிமாணம். அவமானப்பட்டவன் ஒதுங்க இடமில்லாத அளவுக்குச் சின்ன ஊர். தெருத் திரும்பினால் துர்கனேவ் எதிரில் வரலாம். பார்க்காத ஸிப்கினுக்கு இது எப்படித் தெரிந்தது?

அன்னாவின் நாட்குறிப்பிலிருந்துதான். அவர் சுருக்கெழுத்துக்காரி. 'சூதாடி' நாவலை 1866 அக்டோபரில் இருபத்தாறு நாளில் டாஸ்டாயெவ்ஸ்கி சொல்லச் சொல்ல எழுதியதும் அவர்தான். அதாவது சூதைப் பற்றிய நாவல் முடிந்த பிறகுதான் இந்த ஏழு வாரம். எழுதித் தீர்த்தால் தீரும் என்கிற நம் விமர்சகர்களின் பிரியமான சித்தாந்தத்துக்கு இது ஒரு பதில். அந்தக் குறிப்புகளில் எத்தனை நாணயம் இருந்தது, எத்தனை போயிற்று, எதை வைத்து எத்தனை வாங்கினார்கள் என்றே பக்கங்கள் ஓடுகின்றன. வங்கியில் பேரேட்டோடு பிழைக்கும் எனக்கு அது ஒரு ரொக்கப் புத்தகம் மாதிரியே படுகிறது. வரவு செலவு சரியாக இருக்கிறது. அழுகை ஓரத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்கு அவர் கொடுத்த காதணியும் புரோச்சும் அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. மோதிரங்களும் போய்வந்தன. மீட்காத நகையை நாம் 'மூழ்கிவிட்டது' என்கிறோம். ஸிப்கினின் நாவலில் கணவனும் மனைவியும் இரவில் ஒன்றுசேர்வது நீந்துவதாகவே வருகிறது; கரை தெரியாமல் நீந்துகிறார்கள், சில சமயம் அவர் மட்டும் நீரோட்டத்தில் விலகிப் போகிறார். பகலில் நகை மூழ்குகிறது, இரவில் இவர்கள் நீந்துகிறார்கள் என்று தமிழில் வாசிக்கிறவனுக்கு ஒரு கூடுதல் லாபம். ஸிப்கினுக்கு இது தெரிய நியாயமில்லை.

துர்கனேவ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'புகை' அந்த வருஷம்தான் வந்தது. பாடன்-பாடனையே களமாகக் கொண்டு ரஷ்யர்களைக் கிழித்தது. டாஸ்டாயெவ்ஸ்கி நேரில் போய், ரஷ்யாவைப் பார்க்க ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தார். அவருக்குக் கடன் பாக்கியும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கடன்காரனின் கோபத்துக்குத் தனி ருசி உண்டு. பின்னால் 'பிசாசுகள்' நாவலில் துர்கனேவைக் கேலிச்சித்திரமாக்கித் தீர்த்துக்கொண்டார். இன்று ஊர் இரண்டு பேருக்கும் சிலை வைத்திருக்கிறது. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத தூரத்தில் வைத்தது நல்ல காரியம்.

நாவலின் நெருப்பு இதில் இல்லை. கதைசொல்லி ஸிப்கினேதான். குளிர்காலத்தில் மாஸ்கோவிலிருந்து லெனின்கிராடுக்கு ரயிலில் போகிறார், அன்னாவின் குறிப்பைப் படித்துக்கொண்டே. அவர் யூதர். டாஸ்டாயெவ்ஸ்கியோ 1877-ல் தன் 'எழுத்தாளனின் நாட்குறிப்பில்' யூதர்களைப் பற்றி எழுதியதைப் படித்தால் வயிற்றைப் புரட்டும். மனித வேதனை முழுவதையும் உணர்ந்தவனுக்கு இந்த ஒரு ஜனத்தின் வேதனை மட்டும் ஏன் தெரியவில்லை? தெரியாதவனை நான் ஏன் இப்படி நேசிக்கிறேன்? ஸிப்கின் இதை ஒளிக்காமல் கேட்கிறார்.

2001-ல் இந்த நாவலை மீட்டுக்கொண்டுவந்த ஸூசன் சொன்டாக்கிற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். லண்டனில் பழைய புத்தகக் குவியலில் அவர் கையில் அது சிக்கியிராவிட்டால் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் டாஸ்டாயெவ்ஸ்கியை நேசிப்பது இலக்கியத்தை நேசிப்பதுதான் என்ற பொருளில் அவர் தரும் விடையை என்னால் ஏற்க முடியவில்லை. அது கௌரவமான விடை; கேள்வியின் கூர்மையை மழுக்குகிற விடையும்கூட. பாடன்-பாடனிலேயே நின்று யோசித்தால் அது போதவில்லை. சூதாட்ட மாளிகை 1872-ல் மூடப்பட்டு 1933-ல் திரும்பத் திறந்தது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் யூதர்களின் ஜெபக்கூடம் ஒன்று, 1899-ல் கட்டியது, இருந்தது. 1938 நவம்பர் 10-ம் தேதி ஊரின் யூத ஆண்களைத் தெருவோடு ஊர்வலமாக நடத்திக் கூட்டிப்போய், உள்ளே ஹிட்லரின் புத்தகத்தை வாசிக்கவைத்து, பிறகு கட்டிடத்துக்குத் தீ வைத்தார்கள். 1940 அக்டோபர் 22-ம் தேதி அந்தப் பிரதேசத்து யூதர்களைப் பிடித்து பிரான்ஸிலிருந்த குர்ஸ் முகாமுக்கு ரயிலேற்றினார்கள். ஜெபக்கூடம் இருந்த மனை போருக்குப் பிறகு பல வருஷங்கள் கார் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. அந்தத் தெருவில் நின்றுகொண்டு 'இலக்கியத்தை நேசிக்கிறோம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸிப்கினின் விடை அவருடைய வாக்கியத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பக்கக் கணக்கில் நீளும் வாக்கியங்கள், முற்றுப்புள்ளிக்குப் பதில் கோடுகள். ஒரே வாக்கியத்தில் 1867-ம் ஸிப்கினின் ரயில் பெட்டியும் இருக்கின்றன. டாஸ்டாயெவ்ஸ்கி குனிகிற இடத்தில் கதைசொல்லியும் குனிகிறார்; யார் குனிந்தது என்று பிரிக்க முடியாது. சைபீரியச் சிறையில் பட்டது, மண்டபத்துச் சிப்பந்தியின் பார்வை, துர்கனேவின் மரியாதை, அடகுக்காரனின் தயக்கம் இவையெல்லாம் அந்த மனுஷனுக்குள் போய், உடனே தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகின்றன. மனைவி அகப்படுகிறாள், ஜெர்மானியன் அகப்படுகிறான், யூதன் அகப்படுகிறான். இந்த இயக்கத்தை ஸிப்கின் வெளியிலிருந்து விசாரிப்பதில்லை. உள்ளேயிருந்து எழுதுகிறார், தன்னையே நோக்கி வரும் கையை அது கிளம்பும் இடத்திலேயே போய்ப் பார்ப்பது போல. மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது, கண்டனமும் கிடையாது. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அங்கே ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

இதை மனிதாபிமானம் என்று பாராட்டுகிறவர்கள் நாவலைப் படிக்கவில்லை. இதில் ஒரு கொடூரம் இருக்கிறது. தான் நேசிப்பவனை அவனுடைய மிகக் கேவலமான ஏழு வாரத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார். அங்கிருந்து நேராக மரணப் படுக்கைக்குத்தான் விடுகிறார். 1881-ல் பீட்டர்ஸ்பர்க் வீட்டில் அவர் சாகிற பக்கங்களில் அன்னா பக்கத்தில் இருக்கிறார், கணக்கு எழுதாமல்.