கம்பம் பள்ளத்தாக்கில் கார் சங்கீதம்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பத்துக்கும் கூடலூருக்கும் செல்லும் சாலையில் ஓடுகின்ற கார்களிலும், விடியுமுன்னே தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களை நோக்கி மலையேறும் ஜீப்புகளிலும், பாட்டுப்பெட்டி இல்லாத வண்டி அபூர்வம். அந்தப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றிய மாத்திரத்தில், ஒலியைப் பெருக்கும் பெரிய ஆம்ப் ஒன்றையும், கீழ் ஸ்வரங்களுக்கான 12 அங்குல உஃபர் ஒன்றையும் வாங்கி மாட்டிவிடுவது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

இதை வெறும் ஆடம்பரமென்று ஒதுக்குவது நியாயமாகாது. டீசல் எஞ்சினின் உறுமலும், டயரின் இரைச்சலும், ஆடி மாதத்தில் கணவாய் வழியே புகுந்து வீசுகின்ற காற்றின் ஓசையும் பெரும்பாலும் தாழ்ந்த ஸ்தாயியைச் சேர்ந்தவையாதலால், பாட்டிலுள்ள கீழ் ஸ்வரங்களையே, அதாவது பேஸையே, அவை முதலில் விழுங்கிவிடுகின்றன. பாட்டுப்பெட்டியின் முகப்பில் 50 வாட் என்று பிரகடனம் செய்திருந்தாலும், காரின் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு அது ஒரு ஸ்பீக்கருக்கு இடைவிடாமல் தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட் மாத்திரமே. ஆகவே தனி ஆம்ப் வேண்டுமென்பவர் வீண் ஆசை கொண்டவரல்லர்.

ஆனால் வாட் இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும் என்பது பிரமை. இரு மடங்கு சக்தி தருவது 3 டெசிபல் உயர்வே. செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. உத்தமபாளையத்துக்கு அருகிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்து, 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளராகத் திரையுலகில் பிரவேசித்த இளையராஜாவின் பாடல்களில், பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு அமையாமல், பாடகரின் மெட்டுக்கு அடியிலே தனக்கென்று வேறொரு மெட்டை நடத்திச் செல்கிறது. அளவு பார்க்காமல் செய்த உஃபர் பெட்டியோ, தனக்குப் பிடித்த ஒரே ஸ்வரத்தில் அதிர்ந்து, அந்த நடையை முழுவதும் 'டும் டும்' என்று ஆக்கிவிடுகிறது. அவர் பிறந்த மண்ணிலேயே, பேஸைக் கூட்டிக் கூட்டி, அந்தப் பேஸைக் கேளாமற்போவது விசித்திரமல்லவா?

என் அபிப்பிராயத்தில், பெரும்பான்மையான கார்களின் நோய் கதவில் இருக்கிறது. ஸ்பீக்கர் கூம்பு முன்புறம் எழுப்பும் அலைக்கு நேர் விரோதமான அலை பின்புறமும் எழுகிறது. கதவின் உட்தகட்டிலுள்ள துவாரங்கள் வழியாக இரண்டும் சந்திக்கும்போது, கீழ் ஸ்வரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுகின்றன. கதவுக் கண்ணாடியைப் பழுதுபார்ப்பவர் கிழித்த, அத்துவாரங்களை மூடும் பிளாஸ்டிக் தாளை மறுபடியும் ஒட்டாமல் விட்ட கார்களோ எண்ணற்றவை. கதவை விரலால் தட்டினால் 'டங்' என்று தகரம் பேசும். அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, துவாரங்களையும் அடைத்தபின் தட்டினால் 'தொப்' என்று அடங்கும். (கதவின் அடியிலுள்ள, மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது.) இவ்வளவு செய்தால் பழைய ஸ்பீக்கரே புதிதுபோல் ஒலிக்கக்கூடும், ஆயினும் கடைக்காரர் இதைச் சொல்வது குறைவு, ஏனெனில் வாடிக்கையாளருக்குக் காட்டிப் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

வயரிங்கிலும் அசிரத்தை மிகுதி. வலப்புற ஸ்பீக்கரின் கம்பிகள் தலைகீழாக இணைந்திருந்தால் இரு ஸ்பீக்கர்களின் பேஸும் ஒன்றையொன்று கொன்றுவிடும். 1.5 வோல்ட் செல் ஒன்றைக் கம்பிகளில் ஒரு கணம் தொடவைத்து, அதன் பாசிடிவ் முனை எந்தக் கம்பியில் பட்டால் கூம்பு முன்னே வருகிறதென்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் கீச்சொலிக்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்ட எர்த். ஆம்பின் கெயின் திருகை வால்யூம் என்றெண்ணி முழுதும் திருப்புகிறவரின் பாட்டு கரகரப்பதும், மேல் ஸ்வரங்களுக்கான ட்வீட்டர் எரிந்துபோவதும் இயல்பே.

மேற்சொன்ன சிகிச்சைகளில் கதவைப் பற்றியது, பக்கம் திறந்து தார்ப்பாயைத் தொங்கவிட்ட தோட்ட ஜீப்புக்குப் பொருந்தாது. அங்கே அடைப்பதற்கு அறையே இல்லை. உரத்த ஆம்புக்கு நியாயம் அதிகமுள்ள வாகனமும் அதுவே. ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலையே எல்லையாக வைக்கின்றன. இந்த ஜீப்புகள் ஊரைக் கடப்பதோ அந்நேரத்துக்குள்தான். அத்தகைய வண்டிக்கு உஃபரை விட, மேற்கூரைச் சட்டத்தில் பிரயாணிகளின் தலைக்கருகே மாட்டிய சிறிய ஸ்பீக்கர்களே சிலாக்கியம்: திறந்த வெளியில் செவிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்குவது, ஆம்பின் சக்தியை நான்கு மடங்காக்குவதற்குச் சமம்.