நகைத்தவர் யார்?

'விளங்கவில்லை' என்னும் தீர்ப்பைக் கலையுலகில் இரு சாரார் வழங்கக் காண்கின்றோம். கட்டணஞ் செலுத்தி முன்வரிசையில் அமரும் கனவான் தன் சுகம் கெட்டதென்று சினந்து அதனைச் சொல்கின்றார். மக்களின் பெயராற் பேசும் முற்போக்கு விமர்சகரோ, மக்களுக்கு எட்டாதது மக்களுக்கு எதிரானதென முடிவுகட்டி அதனையே சொல்கின்றார். இருவரும் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள். தீர்ப்பு மட்டும் ஒன்று. இவ்வொற்றுமை நமக்கு ஐயத்தைத் தரவேண்டும். ஆர்னோல்ட் ஷொன்பேர்க்கின் 'பியரோ லூனேர்' என்ற இசைப்படைப்பு பெற்ற வரவேற்பைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1912 ஒக்டோபர் 16 ஆந் திகதி பேர்லின் நகரிலே இது அரங்கேறியது. பெல்ஜியக் கவிஞர் அல்பேர் ஜிரோ பிரெஞ்சில் எழுதிய கவிதைகளை ஒட்டோ எரிக் ஹார்ட்லேபன் ஜேர்மன் மொழியிலாக்கியிருந்தார். அவற்றுள் 21 ஐத் தெரிந்து, ஒரு குரலுக்கும் ஐந்து வாத்தியக்காரருக்குமாக ஷொன்பேர்க் இசையமைத்தார். அல்பெர்டீன செமே என்ற நடிகை வேண்டிக்கொண்டதற்கிணங்க எழுதப்பட்டது இது. அரங்கில் தோன்றியவரும் அவரே. பழைய இத்தாலியக் கோமாளிக் கூத்தில் வரும் கொலம்பைன் என்னும் பாத்திரத்தின் உடையிலே அவர் தனித்து நின்றார். இசைஞர்கள் திரைக்குப் பின்னே மறைந்திருந்தனர். 20 இற்கு மேற்பட்ட ஒத்திகைகளின் பின்னர் நிகழ்ந்த அரங்கேற்றத்திலே சிரிப்பும் சீழ்க்கையும் எழுந்தன. ஒரு சாரார் பலத்த கரகோஷமும் செய்தனர்.

சிரிப்புக்கு முதற்காரணம் குரல். பாடுதலும் ஆகாது, இயல்பாகப் பேசுதலும் ஆகாது என்பது இசையமைப்பாளரின் கட்டளை. தாளக்கணக்கு இம்மியும் பிசகலாகாது. சுரத்தைத் தொட்டவுடனேயே அதனைக் கைவிட்டு மேலேறவோ கீழிறங்கவோ வேண்டும். பாட்டென்றால் சுரத்திலே நின்று இளைப்பாறலாம் என்று பழகிய செவிக்கு இங்கே நிற்க இடமில்லை. பாடஞ் சொல்லும் தொழிலிலுள்ளோர் இதனை அறிவர்: முதல் வாசிப்பிற் பிடிபடாத செய்யுளை மாணாக்கர் பெரும்பாலும் நகைத்தே எதிர்கொள்வர். அதிலே வெறுப்பைவிட அச்சமே மிகுதி.

ஆனால், நகைப்புக்குரிய குழப்பமா இப்படைப்பு? 'நிலாப் பொட்டு' என்னும் பதினெட்டாம் பாடலை எடுத்துக்கொள்வோம். உல்லாசம் தேடிப் புறப்பட்ட பியரோ, தன் கருஞ்சட்டையின் முதுகிலே ஒரு வெண்புள்ளியைக் காண்கின்றான். சுண்ணக்கறையென நினைத்து விடியும்வரை தேய்க்கின்றான், அதுவோ நிலவொளி. இசையிலே சிறுகுழலும் கிளாரினெற்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. வயலினும் செலோவும் வேறொரு துரத்தலில் ஈடுபடுகின்றன. பாடலின் நடுவிலே இந்நான்கும் வந்த வழியே பின்னோக்கித் திரும்ப, பியானோ மட்டும் தன் வழியே செல்கின்றது. தன் முதுகைத் தானே திரும்பித் திரும்பிப் பார்ப்பவனின் கதைக்கு இதனிலும் பொருந்திய உருவம் எது? ஒரு நிமிடமளவில் முடியும் இப்பாடலை ஒருமுறை கேட்டு இவ்வமைப்பைக் கண்டுகொள்ளல் அரிது. பலமுறை கேட்டவர்க்கே அது புலனாகும்.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை நாம் சலுகை காட்ட வேண்டியதில்லை. நோயுற்ற நிலவு, இரத்தம், தூக்குமரம் என நலிவிலே இன்பங்காணும் கவிதைகள் இவை. அவ்வாண்டு டிசெம்பரில் இதனைக் கேட்ட ஸ்ட்ராவின்ஸ்கி வாத்திய அமைப்பை வியந்தபோதிலும், இக்கவிதையுலகைப் பழமைப்பட்டதாகவே கருதினார். அக்கணிப்பு நமக்கும் உடன்பாடே. எனினும், 1914 இன் பெரும்போரை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சமுதாயத்திலே, கலைஞன் தன்னைக் கோமாளியாகக் கண்ட வேதனை பொய்யன்று.

நகைத்தவர் யார் என்று இனிக் கேட்போம். 1908 டிசெம்பரில் வியன்னாவிலே, பெண்குரல் சேர்ந்த ஷொன்பேர்க்கின் இரண்டாம் நால்வாத்தியப் படைப்பு அரங்கேறியபோதும் சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. கூச்சலிட்டவர்கள் இசையரங்குகளிற் பழகியவர்கள். வசதி படைத்த படிப்பாளிகள். பாமரரின் அறியாமை என்று இதற்குப் பெயர்சூட்ட முடியாது. தம் சொத்தெனக் கருதிய இசை தம் பிடியை விட்டகன்றதே அவர்களது சினத்தின் ஊற்று.

1918 இல் ஷொன்பேர்க் வியன்னாவிலே ஓர் இசைச் சங்கத்தை நிறுவினார். அங்கத்தவர்க்கே அனுமதி, பத்திரிகை விமர்சகர்க்கு இடமில்லை. கைதட்டலும் சீழ்க்கையும் தடைசெய்யப்பட்டன. நிகழ்ச்சிநிரல் முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. கடினமான படைப்புகள் தக்க ஒத்திகையுடன் மீண்டும் மீண்டும் இசைக்கப்பட்டன. இவற்றுள் மீட்டும் இசைக்கும் முறை போற்றத்தக்கது. கதவை அடைத்தல் நமக்கு ஏற்புடையதன்று. கெட்ட இரசிகரிடமிருந்து கலையைக் காக்கப் புகுந்தவர், புதிய இரசிகர் வரும் வழியையும் அன்றோ குறுக்கிவிட்டார்? 1890 களிலே தொழிலாளர் பாடகர் குழுக்களை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது என்பதை எண்ணும்போது இது மேலும் உறுத்துகின்றது.

வேறு வழியும் அந்நகரிலேயே இருந்தது. அவரது இளமைக்கால நண்பர் டேவிட் யோசெப் பாக் 1905 இல் தொழிலாளர் இசையரங்குகளைத் தொடங்கினார். ஷொன்பேர்க்கின் மாணவர் வேபேர்ன் 1922 முதல் அங்கே இசைக்குழுவை நடத்தினார். 1926 இல், இருநூறாவது நிகழ்ச்சியிலே மாஹ்லரின் எட்டாவது சிம்பொனி அவர் தலைமையில் ஒலித்தது. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்க்கு எளிய இசையே போதும் என்று அங்கே எவரும் கருதவில்லை. இவ்வரங்குகளுக்கு முடிவு கட்டியது மக்களின் சலிப்பன்று; 1934 பெப்ரவரியில் தொழிலாளர் இயக்கத்தை ஒடுக்கிய அரசே.

மற்றொரு மாணவர் ஹான்ஸ் ஐஸ்லர். பியரோவின் குரல்முறையைப் பின்பற்றி 'பாம்ஸ்ட்ரோம்' என்ற படைப்பை இயற்றியவர் அவர். 1926 இல் ஆசானுடன் முரண்பட்டு, தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கும் வீதி ஊர்வலங்களுக்கும் பாடல்கள் இயற்றினார். ஆசானின் தனிமையை அவர் ஏற்கவில்லை. அவரிடங் கற்ற தொழிலை ஒருபோதும் இகழவுமில்லை. சோசலிச நாடுகளின் விமர்சகர்கள் ஷொன்பேர்க்கை உருவவாதியென ஒதுக்கிவைத்திருந்த 1954 இல், கிழக்கு பேர்லினின் கலைக்கழகத்திலே அந்த ஆசானைப் பற்றி விரிவான உரையொன்றை அவர் ஆற்றினார். இசையை மீண்டும் மீண்டும் கேட்டு ஆராய்ந்த ஒருவரின் உரை அது.